கச்சானைத் தாங்கும் இலைகள்

இலை அழகுக்காக வளர்க்கும் செடியை வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் பராமரிப்பு பெரும்பாலும் ஒரே வசனத்தில் முடிந்துவிடும்: நிழலில் வையுங்கள், மண் காயாமல் தண்ணீர் விடுங்கள். கொழும்பு–கண்டி வீதியோர நாற்றுமேடைகளில் இந்த வசனத்தோடு வாங்கி வந்த அக்ளோனீமாவும் கலத்தியாவும் கிழக்குக் கரையின் வெருகல் வளவுகளில் மாரி முழுவதும் செழித்து நிற்கும். தை மாதத்தில் புதுக்குருத்து விடும். வைகாசி பிறந்து கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் இலை விளிம்பு தீய்ந்துவரும். ஆனி முடிவதற்குள் சாடியில் தண்டு மட்டும் மிஞ்சும். செடி நிழலில்தான் நின்றது, தண்ணீரும் குறையவில்லை. வீட்டுக்காரர் தன் கைராசியைக் குறை சொல்லிவிட்டு அடுத்த மாரியில் அதே செடியைத் திரும்ப வாங்குகிறார்.

கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நிழற்செடி வளர்ப்பு பற்றிய அறிவு நம் கைக்கு வந்த வழியில்தான் சிக்கல் இருக்கிறது. அது ஈரக்காடுகளிலும், குளிர்நாட்டுக் கண்ணாடி வீடுகளிலும், இலங்கையின் ஈரவலயத் தென்னந்தோட்டங்களிலும் உருவான அறிவு. கிழக்குக் கரையின் உலர்வலயத்துக்கென்று யாரும் அதைத் திருத்தி எழுதித் தரவில்லை. உலகின் வெவ்வேறு காலநிலைகளில் இந்தச் செடிகள் எப்படி வாழ்கின்றன என்று பார்த்துவிட்டு வெருகலுக்குத் திரும்பினால், இங்கே எதைத் தேர்வது, எங்கே வைப்பது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

முதலில் இலையைப் பார்ப்போம். அடர்ந்த மழைக்காட்டின் தரையை வந்தடைவது மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அந்தச் சிறு ஒளியில் வாழப் பழகிய செடி இலையை அகலமாக்குகிறது, மெல்லியதாக்குகிறது, பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. செலவைச் சுருக்கி மெதுவாக வளர்கிறது. வீட்டு விறாந்தையில் அது பிழைப்பதற்கு இந்தச் சிக்கனமே காரணம். ஆனால் காட்டுத் தரையில் ஒளி மட்டுமா குறைவு? அங்கே காற்று அசைவதில்லை. ஈரப்பதன் இரவும் பகலும் உயர்ந்தே நிற்கும். வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. நிழற்செடி என்று நாம் அழைப்பது உண்மையில் இந்த எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பழகிய செடி. பந்தல் போட்டு ஒளியைக் குறைத்துவிட்டால் அதன் தேவைகளில் ஒன்றைத்தான் கொடுத்திருக்கிறோம்.

மற்றத் தேவைகளைக் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் திடுக்கிட வைக்கும். 25 பாகை செல்சியஸில் 80 வீத ஈரப்பதன் கொண்ட காற்று ஈரவலயத்துக் காலை நேரத்துக்கு உரியது. 35 பாகையில் 50 வீத ஈரப்பதன் கொண்ட காற்று கச்சான் நாளின் மதியத்துக்கு உரியது. இரண்டாவது காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை முதலாவதைப் போல ஏறத்தாழ நாலரை மடங்கு. இரண்டு இடத்திலும் நிழல் ஒன்றாகவே இருக்கலாம். மெல்லிய இலைச்செடியின் வேரால் அந்த வேகத்துக்கு நீரை மேலே அனுப்ப முடியாது. மண் நனைந்திருந்தாலும் இலை விளிம்பு காய்வது இதனால்தான். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் மேலும் தண்ணீர் ஊற்றும்போது, விளிம்பு கருகிய செடிக்கு வேர் அழுகலும் சேர்கிறது.

குளிர்நாடுகளில் கதை வேறு. அங்கே பிரச்சினை ஒளியே. லண்டனில் மார்கழியின் மிகக் குறுகிய பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. ரொறன்ரோவில் ஒன்பது. வெருகலிலோ வருடம் முழுவதும் பகலின் நீளம் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கிறது. புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில் யன்னலோரம் நிற்கும் டிரசீனாவுக்கு ஆறு மாதம் ஒளிப் பஞ்சம். அதோடு, சூடாக்கிய அறையின் காற்றும் வரண்டது. 21 பாகையில் 35 வீத ஈரப்பதன் என்றால் ஈரவலயக் காற்றைவிட இரண்டரை மடங்கு வரட்சி. நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் நிறைந்த விக்டோரியா காலத்து ஆங்கில வீடுகளில் ஆஸ்பிடிஸ்ட்ரா என்ற ஒரே இலைச்செடி அத்தனை பெயர் பெற்றதற்குக் காரணம், அது இருளையும் வரட்சியையும் ஒருசேரத் தாங்கியதுதான். மற்றச் செடிகளுக்கு வழி காட்டியவர் லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட். 1829இல் மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் பன்னம் முளைத்ததைக் கவனித்த அவர், கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்தைத் தானே சுழற்றி வாழும் என்று கண்டார். 1833இல் அந்தப் பெட்டிகள் கப்பலேறி சிட்னி வரை போயின. வெப்பநாட்டு இலைகள் ஐரோப்பாவுக்கும், ஐரோப்பாவின் செடி வளர்ப்பு நூல்கள் நமக்கும் பெருமளவில் பயணப்பட்டது அந்தக் காலத்திலிருந்துதான். குளிர்நாட்டுச் சொந்த நிழற்செடிகளும் உண்டு. ஹொஸ்டா அவற்றில் அழகானது. ஆனால் அது மாரிக்குளிரில் உறங்கியாக வேண்டும். நம் தாழ்நிலத்தில் அந்த உறக்கம் கிடைக்காமல் மெலிந்து போகும்.

மலைநாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டியது. 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கல பூங்காவில் மரப்பன்னங்கள் குடையாக விரிந்து நிற்கின்றன. 1848இல் தொடங்கிய ஊட்டித் தாவரவியல் பூங்காவின் பன்னக் கூடத்திலும் அதே குளிர், அதே பனிமூட்டம். அக்ளோனீமா, டிபன்பேக்கியா போன்றவை 12, 13 பாகைக்குக் கீழே இலையில் கருந்திட்டு விழுந்து வாடும் இனங்கள். மலைக்குப் பொருந்துவது வெருகலுக்குப் பொருந்தாது, மறுபக்கமும் அப்படியே.

இலங்கையின் இலைச்செடி ஏற்றுமதித் தொழில் ஊன்றியிருப்பது கம்பகா, குருநாகல் பக்கத் தென்னை நிழலில். வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயமும் அதை அடுத்த இடைவலயமும் அவை. டிரசீனா, கோர்டிலைன், குரோட்டன் இவற்றின் வெட்டிய இலைகளும் வேர்விட்ட தண்டுகளும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் யப்பானுக்கும் போகின்றன. தென்னை நிழல் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதை அங்குள்ளவர்கள் நன்கு அறிவார்கள். எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை மரத்தின் கீழ் அடர்ந்த நிழல். அதன் பிறகு மரம் உயர உயர ஒளி மறுபடி தரையிறங்கும். எந்த வயதுத் தோப்பில் எந்தச் செடி என்ற கணக்கே அவர்களின் தொழில் நுட்பம். கிழக்கில் 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்புத் தென்னைகளை அழித்தபோது ஒரு தலைமுறைக்கான நிழலும் சேர்ந்தே போனது.

இனி வெருகல். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடல் சேருமுன் பிரியும் கிளை வெருகல் ஆறு. திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லை. சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்ட கரை. வருட மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாதி வரை, தென்மேற்கில் மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கும் காற்று கச்சானாக வந்து சேர்கிறது. மலையிறங்கும்போது அது சூடேறுகிறது, மேலும் வரள்கிறது. ஒரே ஊரில் நாலு மாதம் மழைக்காட்டுக் காலநிலை, அடுத்த நாலைந்து மாதம் பாலை. நிழற்செடி வளர்ப்பவர் இந்த இரண்டுக்கும் ஒரே செடியைத் தயார்ப்படுத்த வேண்டியிருக்கிறது.

செடியை எங்கே வைப்பது என்பதிலேயே நூல்கள் நம்மைத் தவறான திசைக்கு அனுப்புகின்றன. லண்டனிலோ ரொறன்ரோவிலோ வீட்டின் வடக்குப் பக்கம் வருடம் முழுவதும் நிழல். வடக்கு யன்னல் நிழற்செடிக்கு என்று அங்கே எழுதினால் அது சரி. வெருகல் நிற்பது வட அகலக்கோடு எட்டேகால் பாகையில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆவணி நடுவில் மறுபடி உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கு விறாந்தையில் விழுகிறது. அவை கச்சான் மாதங்களும் கூட. மேற்குப் பக்கத்தைச் சொல்லவே வேண்டாம். பிற்பகல் வெயிலும் காற்றும் ஒருங்கே தாக்கும் முகம் அது. மிஞ்சுவது கிழக்கு. காலை இளவெயில் மட்டும் பட்டு, பத்து மணிக்குப் பின் வீட்டின் நிழலே விழுந்து, கச்சானுக்கு முதுகு காட்டி நிற்கும் கிழக்கு விறாந்தையே இங்கே நல்ல இடம். கடலை ஒட்டிய வளவுகளில் மாரி வாடை உப்புத் துவலையை அந்தப் பக்கத்தில் வீசும். ஆனால் கூடவே வரும் மழை அதைக் கழுவிவிடும்.

நிழலை மரத்திலிருந்து எடுப்பதா, வலையிலிருந்து எடுப்பதா? கறுப்பு நிழல்வலை எங்கும் கிடைக்கிறது. 50 வீதம், 70 வீதம் என்று அளவு சொல்லி வாங்கலாம். ஆனால் கறுப்பு வலை வெயிலை வாங்கிச் சூடாகும். தலைக்கு மேல் தாழக் கட்டினால் அந்தச் சூடு செடி மேல் இறங்கும். பத்தடிக்கு உயர்த்திக் கட்டுவது நல்லது. கிடுகுப் பந்தல் குளிர்ச்சி தரும். அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். மர நிழலில் ஒரு பொறி இருக்கிறது. கதியால் வேலிக்கு நட்ட கிளிசிரியா மாரியில் தழைத்து நின்று, நீண்ட கோடையில் இலையைக் கொட்டிவிடும். முருங்கையும் நம்ப முடியாதது. நிழல் தேவைப்படும் காலத்தில் நிழல் தராத மரத்தை நம்பிச் செடி வைத்துவிட்டுப் பின்னால் வருந்துகிறோம். வேம்பு மாசி பங்குனியில் இலை உதிர்த்தாலும் கச்சானுக்கு முன்பே புதுத்தளிர் மூடிக்கொள்ளும். அதன் சிறு இலைகளூடே அசையும் நிழல் பெரும்பாலான இலைச்செடிகளுக்குப் போதுமானது. மாமரத்தின் நிழல் எப்போதும் உண்டு, ஆனால் அடர்த்தி மிகக் கூட. அதன் அடியில் வண்ண இலைகள் பச்சையாகத் திரும்பும். உவர் மண்ணுக்குப் பூவரசு.

நிழலைவிட முக்கியமாகக் காற்றுத் தடுப்பைக் கருதுகிறேன். மேற்கிலும் தென்மேற்கிலும் ஒரு வேலி வேண்டும். மதில் கட்டுவதைவிட இடைவெளி விட்ட கிடுகு வேலியோ கதியால் வேலியோ மேல். முழுதாக அடைத்த மதிலைத் தாண்டும் காற்று மறுபக்கத்தில் சுழன்று இறங்கும். பாதி காற்றை உள்ளே விடும் வேலி மீதியை மெதுவாக்கி, தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை அமைதி தரும். ஆறடி வேலிக்கு அறுபது அடி. ஒரு வீட்டுச் செடிகளுக்கு அது தாராளம். செடிகளைத் தனித்தனியே பரப்பாமல் நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஈரம் மற்றதற்கு உதவும். கோடையில் சாடிகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தால் வேர் குளிர்ந்திருக்கும். இது செலவில்லாத வேலை, பலனோ பெரிது.

தண்ணீரின் அளவைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். தன்மையைப் பற்றிப் பேசுவது குறைவு. உலர்வலயக் கிணறுகள் பலவற்றில் புளோரைட் கூடுதல். டிரசீனா, கோர்டிலைன் இரண்டும் புளோரைட்டைத் தாங்காதவை. நீரில் வரும் புளோரைட் இலை நுனியில் சேர்ந்து அங்கே திசுவைக் கொல்லும். பழுப்பு நுனியைக் கத்தரித்து விடுவதால் பயனில்லை. மழைநீரைத் தொட்டியில் பிடித்து இந்த இரண்டு வகைக்கும் ஒதுக்கி வைப்பதும், மண்ணுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பதும், சுப்பர் பொஸ்பேற் உரத்தைத் தவிர்ப்பதும் உதவும். கரையோரக் கிணறுகளில் உவர் வேறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரைக் கிணறுகள் உப்பேறிப் போனதை யாரும் மறக்கவில்லை. உவர்நீர் விடும் சாடியில் உப்பு மேலே வெண்படலமாகப் படியும். மாரி மழையில் சாடியைத் திறந்தவெளியில் வைத்து அடித்துளை வழியே நன்றாக வடியவிட்டால் அது கழுவுண்டு போகும். தும்புச்சோறு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் அருமையான பொருள். ஆனால் உவர்நீரில் மட்டை ஊறவைத்த இடத்துத் தும்புச்சோறாக இருந்தால் நல்ல தண்ணீரில் பல முறை அலசாமல் சாடியில் போடக்கூடாது.

இத்தனையும் செய்தாலும் எல்லாச் செடியும் வெருகலில் பிழைக்காது. பிழைக்க வைக்கப் போராட வேண்டுமா என்பதே என் கேள்வி. கலத்தியாவும் மரந்தாவும் அந்தூரியமும் ஈரவலயத்தின் பிள்ளைகள். அவற்றை நாலைந்து மாதம் ஈரத்துணி சுற்றிக் காப்பதைவிட, கோடையைத் தாங்களே தாண்டும் இனங்களைத் தேடுவது நல்லது. அப்படிப்பட்டவை இரண்டு வகை.

ஒன்று, உறங்குபவை. கலேடியம் இதில் முதன்மையானது. தென் அமெரிக்காவில், மழைக்காலமும் வரட்சியும் மாறிமாறி வரும் நிலங்களுக்குரிய செடி அது. மழையில் இலை விரித்து, வரட்சியில் இலை முழுவதும் மடிந்து, கிழங்காக மண்ணுக்குள் காத்திருக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் லேக் பிளாசிட் என்ற சிறு ஊர் உலகின் கலேடியக் கிழங்குகளில் பெரும்பகுதியை விளைவிக்கிறது. தாய்லாந்தில் அதன் புது வண்ணங்களை உருவாக்குவது பெரிய கலை. குளிர்நாட்டார் அதன் கிழங்கை வீட்டுக்குள் சூடான இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். வெருகலிலோ அதன் இயல்பான நாட்காட்டியும் நம்முடையதும் கிட்டத்தட்ட ஒன்றே. ஐப்பசி முதல் மழையில் நட்டால் பங்குனி, சித்திரை வரை சிவப்பும் வெள்ளையும் ரோசாவுமாக இலைகள். கச்சான் வரும்போது செடி மண்ணுக்குள். இலை மடிவதைக் கண்டு தண்ணீரைக் கூட்டிக் கிழங்கை அழுகவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. இலை சாயத் தொடங்கியதும் நீரை நிறுத்திவிட வேண்டும். மஞ்சள், கச்சோலம் குடும்பத்தில் அழகிய இலையுள்ள பல இனங்களும் இதே வழக்கம் கொண்டவை. வண்ண இலைச் சேம்பு ஆற்றங்கரை ஈரத்தில் உறங்காமலும் நிற்கும். ஆனால் மாரியில் மகாவலி பெருகினால் கரை வளவுகள் வெள்ளத்தில் மூழ்கும். கிழங்குச் சாடிகள் மேட்டில் இருக்கட்டும்.

மற்றது, சேமிப்பவை. இவற்றில் மருளுக்கு இணை இல்லை. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, காற்று குளிர்ந்த இரவில் திறந்து கரியமிலவாயுவை உள்ளே வாங்கிச் சேமிப்பது அதன் வழக்கம். கச்சான் மதியத்தில் இலை நீரை வெளியே விடுவது மிகக் குறைவு. உலகெங்கும் அலுவலகங்களில் நிற்பது மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த இனம். ஆனால் இலங்கையின் பெயரையே தாவரவியல் பெயரில் சுமக்கும் மருள் இனமொன்று நம் உலர்வலயக் காடுகளில், பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் நிழலில் தானாகவே வளர்கிறது. சாம்பல் பச்சையில் குறுக்குவரி ஓடும் அதன் இலையை ஒரு நாற்றுமேடையிலும் நான் விலைக்குக் கண்டதில்லை. காட்டிலிருந்து பிடுங்கி வரச் சொல்லவில்லை. வேலியோரங்களில் ஏற்கெனவே நிற்பதைப் பிரித்துப் பெருக்கினாலே போதும். கிழக்கு ஆபிரிக்காவின் சாமியோகுல்காஸ் தடித்த கிழங்கிலும் காம்பிலும் நீரைச் சேர்த்துவைத்து மாதக்கணக்கில் தாங்கும். 1990களின் பிற்பகுதியில்தான் நெதர்லாந்து நாற்றுமேடைகள் அதைப் பெருமளவில் பெருக்கின. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது. குரோட்டனையும் இந்த வரிசையில் ஓரளவு சேர்க்கலாம். ஆனால் அது முழு நிழற்செடி அல்ல. ஒளி குறைந்தால் அதன் நிறம் மங்கும். மணிபிளான்ட் எங்கும் வளரும், அதுதான் அதன் ஆபத்தும். பிரெஞ்சுப் பொலினீசியத் தீவொன்றிலிருந்து வந்த அந்தக் கொடி இலங்கையின் ஈரக்காடுகளில் மரங்களை மூடிப் படர்ந்திருக்கிறது. வெருகல் ஆற்றோரத்து மருத மரங்களில் அதை ஏறவிடாதீர்கள்.

இந்த இனங்களை இங்கே யாரும் முன்வைக்காததற்குக் காரணம் உண்டு. மிரிஜ்ஜவிலவில் 2013இல் திறந்த உலர்வலயத் தாவரவியல் பூங்கா தென்கோடியில் இருக்கிறது. பேராதனைப் பூங்கா 1821இலேயே தொடங்கியது. ஆய்வும் நாற்றும் பயிற்சியும் ஈரவலயத்தைச் சுற்றியே வளர்ந்தன. கிழக்குக்குக் காய்கறியும் நெல்லும் பற்றிய ஆலோசனை வந்தது. பூஞ்செடிக்கு அது வரவில்லை. 2006இல் ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் போரால் இடம்பெயர்ந்து அடுத்த வருடம் திரும்பிய பிறகு கொடுத்த உதவிகளில் அலங்காரச் செடிக்கு யார் இடம் வைப்பார்கள்? ஆனால் வீடு திரும்பியவர்கள் வாசலில் முதலில் வைப்பவற்றில் பூச்சாடியும் ஒன்று. வீட்டோடு இருந்து செய்யும் தொழிலாகவும் பெண்கள் பலர் இதைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அந்தூரியக் கன்றும் நிழல்வலையும் கொடுத்துக் கம்பகாவோடு போட்டி போடச் சொல்வது அநியாயம். கோடையில் அவர்கள் போட்ட முதல் பாழாகும். கலேடியக் கிழங்கும் மருளும் வேறு. கிழங்கைக் காயவைத்துப் பெட்டியில் அனுப்பலாம். மருள் வெட்டிய பின்னும் வாரக்கணக்கில் வாடாது. கொழும்புச் சந்தை வரை போகும் நீண்ட பயணத்தை இரண்டும் தாங்கும்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். சாடித் தட்டிலும், போத்தலில் வைத்த கொடியிலும், இலைக்கக்கத்தில் நீர் தேங்கும் செடிகளிலும் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017இல் இலங்கையில் டெங்கு நோயாளர் தொகை 1,80,000ஐத் தாண்டியபோது கிண்ணியா பட்ட பாடு நம் மாவட்டத்துக்குத் தெரியும். தட்டில் நீருக்குப் பதில் ஈரமணல் வைத்தால் வேலை முடியும். அடுத்தது, கலேடியம், டிபன்பேக்கியா, அக்ளோனீமா எல்லாவற்றின் சாற்றிலும் ஊசி போன்ற ஒட்சலேற்றுப் பளிங்குகள் உண்டு. வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கும். தவழும் குழந்தையும் ஆட்டுக்குட்டியும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மருளைப் பெருக்கத் தொடங்குபவருக்கு ஒரு செய்முறைக் குறிப்பு. இலையைக் கைவிரல் நீளத் துண்டுகளாக வெட்டி, வெட்டு வாய் உலர ஓரிரு நாள் விட்டு, மேல்கீழ் மாறாமல் மணலில் ஊன்றினால் வேர்விடும். ஆனால் மஞ்சள் விளிம்புள்ள வகையை இப்படிச் செய்தால் பிறக்கும் கன்றில் விளிம்பு இருக்காது, வெறும் பச்சையாகவே வரும். மஞ்சள் நிறம் இலையின் வெளியடுக்குத் திசுவில் மட்டும் தங்கியிருப்பதும், புதுக்கன்று உள்திசுவிலிருந்து முளைப்பதுமே காரணம். அந்த வகைக்குக் கிழங்கோடு பிரித்து நடுவது ஒன்றே வழி. ஒரு தாய்ச்செடி வருடத்துக்குச் சில கன்றுகளே தரும் என்பதால் அதன் விலையும் கூட. உள்ளூர் வரிமருளுக்கு அந்தத் தடை இல்லை. ஐப்பசி மழைக்குக் காத்திராமல் மாசியிலேயே, மழை ஓய்ந்து மணலில் சூடு இருக்கும்போதே துண்டுகளை ஊன்றலாம். அடுத்த மாரிக்குள் வேர் பிடித்து, மாரியின் ஈரத்தில் முதல் கன்றுகள் மேலெழும்.